பேரம் பேசும் நாவுக்கும் பேணுதல் வேண்டும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படிகளை விட்டு இறங்கியதும் நம் கால்கள் எத்திசை நோக்கிச் செல்கின்றன? நம்மில் பெரும்பாலோர் கடைத்தெருவை நோக்கித்தான் நடக்கிறோம். இது குறையன்று. தொழுகை நிறைவேறிய பின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடிக்கொள்ளுமாறு திருமறையின் 62-ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் ஜுமுஆவே நமக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. ஆயினும் அந்த வசனம் அத்துடன் நின்றுவிடவில்லை. நீங்கள் வெற்றி பெறும் பொருட்டு அல்லாஹ்வை அதிகமாக நினைவுகூருங்கள் என்னும் கருத்தையும் சேர்த்தே அது முடிகிறது (62:10). வாசக அன்பர்களே! இந்தக் கட்டளை வந்திருக்கும் இடத்தைக் கவனித்தீர்களா? பள்ளிக்குள் அமர்ந்திருப்பவரை நோக்கி அன்று, சந்தைக்குப் புறப்பட்டுவிட்டவரை நோக்கியே அது கூறப்பட்டுள்ளது.

சந்தையில் அல்லாஹ்வை நினைப்பதென்றால் கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே காய்கறி வாங்குவது என்று பொருளாகாது. அங்கே நாம் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்னும் உணர்வு உள்ளத்தில் விழித்திருக்க வேண்டும் என்பதே பொருள். பள்ளியில் பொய் பேச எவரும் துணிவதில்லை. கடைவாசலிலோ, “எனக்கே அடக்கம் இவ்வளவு” என்று விற்பவர் சொல்கிறார். “பக்கத்துக் கடையில் இதைவிட மலிவு” என்று வாங்குபவர் சொல்கிறார். இருவருக்குமே தாம் கூறுவது உண்மையன்று என்று தெரியும். எதிரில் நிற்பவர் அதை நம்பவில்லை என்பதும் தெரியும். “பேரம் என்றால் அப்படித்தான்” என்று சொல்லி இருவரும் அதை மறந்துவிடுகின்றனர். ஆனால் மனிதன் மொழியும் எச்சொல்லையும் பதிவு செய்யக் காத்திருக்கும் கண்காணிப்பாளர் அவனிடம் இல்லாமல் இல்லை என்று ஸூரத்து காஃப் எச்சரிக்கிறதே (50:18), அந்தப் பதிவேட்டில் “இது பேரப் பேச்சு” என்று தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

பேரம் பேசுவது தவறா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பேரம் பேசுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விலை பேசி வாங்கியிருக்கிறார்கள்.

ஹஜ்ரத் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வேளையில் அவர்களது ஒட்டகம் களைத்துப் பின்தங்கிவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனை முடுக்கிவிட்டதும் அது முன்னெப்போதும் இல்லாத விரைவுடன் நடக்கத் தொடங்கியது. அதைத் தமக்கு விற்றுவிடும்படி பெருமானார் கேட்டார்கள். ஜாபிர் (ரலி) முதலில் தயங்கினார்கள். மீண்டும் கேட்கவே ஓர் ஊக்கியா வெள்ளிக்கு, மதீனா சென்று சேரும் வரை தாமே அதில் ஏறிச் செல்வது என்னும் நிபந்தனையுடன் விற்றார்கள். மதீனாவை அடைந்ததும் பெருமானாரின் ஆணைப்படி பிலால் (ரலி) அவர்கள் அந்த வெள்ளியை நிறுத்து, தராசு சற்றே தாழும்படி கூடுதலாகவும் கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டு ஜாபிர் (ரலி) திரும்பும் வேளையில் பெருமானார் மீண்டும் அழைத்து, ஒட்டகத்தையும் அவர்களுக்கே அளித்து, பணத்தையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உமது ஒட்டகத்தைப் பறித்துக்கொள்ளவா உம்மிடம் பேரம் பேசினேன் என்று அவர்கள் வினவியதாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். விலை பேசியதும் உண்டு. விட்டுக் கொடுத்ததும் உண்டு. ஆனால் அந்த உரையாடலில் ஒட்டகத்தை இகழ்ந்த சொல் ஒன்றும் இல்லை. அது களைத்துப் பின்தங்கியதைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்க முயன்றதும் இல்லை.

இமாம் ஹஸன், இமாம் ஹுஸைன் (ரலி) போன்ற பெருமக்களும் வாங்கும்போது கண்டிப்பாக விலை பேசுவார்கள். பின்னர் பெரும் பொருளைத் தர்மமாக வழங்குவார்கள். இதென்ன முரண்பாடு என்று கேட்கப்பட்டபோது, கொடுப்பவன் தன் தாராளத்தால் கொடுக்கிறான், ஏமாறுபவனோ அறிவை இழக்கிறான் என்னும் கருத்தில் விடை கிடைத்ததாக ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்கள். ஆகவே நியாய விலையைக் கேட்டறிந்து வாங்குவது கஞ்சத்தனம் ஆகாது.

எனினும் இதனினும் உயர்ந்த ஒரு படித்தரமும் உண்டு. பனூ அன்மார் குலத்தைச் சேர்ந்த கைலா (ரலி) என்னும் பெண்மணி வாணிபம் செய்து வந்தவர். பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தாம் வாங்கும்போது மனத்தில் கருதிய விலையைவிடக் குறைத்துக் கேட்டுப் படிப்படியாக உயர்த்துவதையும், விற்கும்போது கூட்டிச் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பதையும் விவரித்தார். அவ்வாறு செய்ய வேண்டாம், கொடுக்கவும் கேட்கவும் கருதிய விலையையே சொல்லிவிடுக, கிடைத்தாலும் சரி கிடைக்காவிட்டாலும் சரி என்று பெருமானார் அறிவுறுத்தியதாக இப்னு மாஜா நூலில் பதிவாகியுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறுவர். எனவே இதைக் கொண்டு பேரத்தை ஹராம் என்று சொல்ல முடியாது. ஆயினும் நூறு ரூபாய்ப் பொருளுக்கு இருநூறு சொல்வதும், அதை ஐம்பதுக்குக் கேட்பதும், இருவரும் அரை நாழிகை வாதாடி நூறிலேயே வந்து நிற்பதுமாகிய நம் வழக்கத்தைப் பார்க்கும்போது, அந்த நேர்வழி எத்துணை நிம்மதி தரக்கூடியது என்பது விளங்கும்.

சொல்லால் முடியும் ஒப்பந்தம்

இஸ்லாத்திற்கு முந்திய அறியாமைக் காலத்து அரபுச் சந்தைகளில் விந்தையான வியாபாரங்கள் நடைபெற்றன. துணியை விரித்துப் பார்க்காமல் கையால் தொட்டாலே விற்பனை முடிந்தது என்பது ஒன்று. ஒருவர் மற்றவரிடம் துணியை எறிந்தாலே அது அவர் தலையில் கட்டப்பட்டது என்பது இன்னொன்று. கல்லை வீசி, அது எதன்மேல் விழுகிறதோ அது விற்கப்பட்டது என்பது மற்றொன்று. இவற்றையெல்லாம் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பார்க்கவும் கேட்கவும் பேசவும் இடமில்லாத விற்பனையில் மன ஒப்புதல் எங்கிருந்து வரும்? உங்கள் பொருள்களைத் தவறான முறையில் உண்ணாதீர்கள், ஒருவருக்கொருவர் மனம் பொருந்திச் செய்யும் வாணிபமாக இருந்தாலன்றி என்னும் கருத்தைத்தானே ஸூரத்துன்னிஸா போதிக்கிறது (4:29).

உள்ளத்திலிருக்கும் சம்மதத்தை வெளியே காட்டுவது சொல். அதனால்தான் நம் ஃபிக்ஹு நூல்கள் விற்பனைச் சட்டத்தை ‘ஈஜாப்’, ‘கபூல்’ என்னும் இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகின்றன. ஒருவர் முன்வைக்கும் சொல் ஈஜாப். மற்றவர் ஏற்கும் சொல் கபூல். “விற்றேன்”, “வாங்கினேன்” என்று இறந்தகாலத்தில் சொல்வதை ஹனஃபி சட்ட அறிஞர்கள் வலியுறுத்தினார்கள். “விற்பேன்” என்பது வாக்குறுதி. “விற்றேன்” என்பது முடிந்த செயல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில் வாய்ச்சொல் விற்பனையின் அடிப்படைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஆயினும், பேசாமல் காசைக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்வதையும் மக்கள் வழக்கில் விற்பனையென்று கருதுமிடத்து ஏற்கலாம் என்று அம்மத்ஹபின் மாமேதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தேர்ந்துரைத்தார்கள். உள்நாட்டு ஊர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபும் அதனை ஏற்கிறது.

இந்த நுணுக்கங்களால் நமக்கென்ன பயன் என்று எண்ணாதீர்கள். “சரி, அந்த விலைக்கே கொடுத்துவிட்டேன்” என்று கடைக்காரர் சொல்லி, நீங்களும் “எடுத்துக்கொண்டேன்” என்று சொன்ன பின், பையில் போடும் நேரத்தில் “இன்னும் ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்” என்பதும், பணத்தை எண்ணும் நேரத்தில் “சில்லறை இல்லை” என்று கையை விரிப்பதும் முடிந்த ஒப்பந்தத்தை முறிக்கப் பார்ப்பதாகும். கைப்பேசியிலேயே காசு செலுத்தும் இந்நாளில் ‘சில்லறை இல்லை’ என்னும் சாக்குக்கும் இடமில்லாமல் போயிற்று. அவ்வாறே “ரொக்கமென்றால் இவ்வளவு, தவணையென்றால் இவ்வளவு” என்று இரு விலை சொல்லி, எது முடிவென்று பேசாமலேயே பொருளைக் கொடுத்தனுப்புவதும் பிற்காலத்தில் சண்டைக்கு வித்தாகும். ஒரே விற்பனைக்குள் இரு விற்பனைகளை வைப்பதற்கு வந்துள்ள தடையை அறிஞர்கள் சிலர் இவ்வாறே விளக்கியுள்ளதாக இமாம் திர்மிதீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள்.

விற்பவரின் நாவு

விற்பவர் மற்றும் வாங்குபவர் இருவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவாக்கினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்னும் நபிமொழியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இடம்பெற்றிருக்கிறது. சத்தியம் செய்வது சரக்கை விலைபோக்கும், ஆனால் பரக்கத்தைத் துடைத்துவிடும் என்று மற்றொரு நபிமொழி எச்சரிக்கிறது. “வல்லாஹி, கட்டாது!” என்று வாய்க்கு வாய் ஆணையிடும் வியாபாரி, ஐந்து ரூபாய் இலாபத்திற்கு அல்லாஹ்வின் திருநாமத்தை ஜாமீனாக வைக்கிறார் என்பதை உணர வேண்டாமா?

“எனக்கே அடக்கம் நானூறு, உங்களுக்காக ஐம்பதே ரூபாய் இலாபம்” என்பது கடைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. பேச்சென்று நாம் நினைக்கிறோம். சட்டமோ அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது. அடக்க விலையைச் சொல்லி, அதன்மேல் இன்ன இலாபம் என்று கூறி விற்பதற்கு ‘முராபஹா’ என்று பெயர். இது நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட விற்பனை. வாங்குபவர் பொருளின் மதிப்பை ஆராயாமல், விற்பவரின் சொல்லையே நம்பி வாங்குகிறார். அச்சொல் பொய்யென்று தெரியவந்தால், கூடுதலைக் கழித்துக்கொள்ளவோ விற்பனையை ரத்துச் செய்யவோ வாங்கியவருக்குள்ள உரிமைகளை மத்ஹபுகளின் நூல்கள் அவ்வவற்றின் முறைப்படி விவரிக்கின்றன. அடக்க விலையைச் சொல்ல விருப்பமில்லாதவர் சொல்லாமல் இருந்துவிடலாம். “என் விலை இது” என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்ள எவருக்கும் உரிமையுண்டு. சொல்வதானால் மெய்யையே சொல்ல வேண்டும்.

மௌனமும் சில வேளைகளில் பொய்யாகிவிடும். ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடிந்தார்கள். மேலே பளபளக்கும் தக்காளியை அடுக்கி, அடியில் அழுகலை மறைக்கும் கூறுகளுக்கும் இதுவே தீர்ப்பு.

நம் முன்னோர் இதில் எவ்வளவு நுட்பமாக இருந்தார்கள் என்பதற்கு பஸராவின் பட்டு வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் வரலாற்றை இமாம் கஸ்ஸாலி எடுத்துரைக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் பட்டுத்துணி கேட்டார். பணியாள் மூட்டையை எடுத்து வந்து துணியை விரித்து, அதைப் பார்த்தவாறே, இறைவா எங்களுக்குச் சுவனத்தை அருள்வாயாக என்று வேண்டினான். அவ்வளவுதான். துணியைச் சுருட்டி உள்ளே வைக்கும்படி சொல்லிவிட்டு, அதை விற்கவே மறுத்துவிட்டார்கள் அப்பெரியார். அந்த வேண்டுதல் சரக்கை மறைமுகமாகப் புகழ்வதாக ஆகிவிடுமோ என்னும் அச்சமே காரணம். துஆவைக்கூட விளம்பரமாக்க அஞ்சிய உள்ளம் அது! நம்முள் சிலர் கடைப் பலகையிலும் துண்டறிக்கையிலும் மார்க்கச் சொற்களை எதற்காக எழுதுகிறோம் என்று ஒரு கணம் சிந்தித்துப் பார்க்கட்டும்.

வாங்குபவரின் நாவு

அன்பர்களே! வியாபாரியின் பொய்யைக் கண்டித்துப் பேசும் பயான்களை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கேட்டு, “சரியாகச் சொன்னார்” என்று தலையசைத்துமிருக்கிறோம். ஆனால் நம்மில் கடை வைத்திருப்பவர் சிலரே. கடையில் வாங்குபவர் எல்லாருமே. வாங்குபவரின் நாவைப் பற்றி எத்தனை முறை சிந்தித்திருக்கிறோம்?

நபிமார்களின் சொற்பொழிவாளர் என்று போற்றப்படும் ஷுஐப் (அலை) அவர்கள், மத்யன் மக்களை நோக்கி அளவையும் நிறுவையையும் நிறைவாக்கும்படி அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அதனுடன் சேர்த்து, மக்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்னும் கருத்துள்ள இன்னொரு கட்டளையும் அல்அஃராஃப் (7:85), ஹூத் (11:85), அஷ்ஷுஅரா (26:183) ஆகிய மூன்று அத்தியாயங்களிலும் வருகிறது. இங்கே குறைத்தல் என்பதற்கு மறையில் வரும் சொல் ‘பக்ஸ்’. இச்சொல்லுக்கு விளக்கம் எழுதிய இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள், அளவில் செய்யும் மோசடியை மட்டும் குறிப்பிட்டு நிறுத்தவில்லை. சரக்கில் இல்லாத குறையைக் கற்பித்து அதனை இழிவுபடுத்துவதும், அதன் மதிப்பு விஷயத்தில் ஏமாற்றுவதும் ‘பக்ஸ்’ என்பதில் அடங்கும் என்று தெளிவுபடுத்தியுள்ளார்கள். இல்லாத குறையைச் சொல்லிப் பொருளை இழிவுபடுத்துபவர் யார்? பெரும்பாலும் வாங்குபவர்தாமே!

நம் வீட்டு வாசலில் மீன்கூடையை இறக்கும் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் துறைக்குச் சென்று, ஏலத்தில் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக வந்திருக்கிறார். “இது என்ன மீன், நேற்றையதா? கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டதே!” என்று நாம் தொடங்குகிறோம். மீன் புதியதென்று நமக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் வாங்க நிற்கிறோம். அவர் இறங்கிவந்து விலையைக் குறைத்ததும், உள்ளே சென்று, “இவ்வளவு நல்ல மீன், பாதி விலைக்கு வாங்கிவிட்டேன்” என்று மகிழ்கிறோம். வாசலில் சொன்னதும் அடுக்களையில் சொன்னதும் ஒரே நாவுதான். இரண்டில் ஒன்று பொய்யல்லவா? அதையும் பக்கத்தில் நின்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் சில சொற்கள் உண்டு. போகாத கடையின் பெயரைச் சொல்லி, “அங்கே இதே சரக்கு இவ்வளவுதான்” என்பது ஒன்று. வாங்கும் எண்ணமே இல்லாமல், பொழுதுபோக்காக விலை கேட்டுக் கட்டுக்கட்டாகச் சேலைகளை விரிக்கச் செய்வது ஒன்று. “முதல் போணி ஆகட்டும்” என்று வியாபாரி மனம் நெகிழ்ந்து நிற்கும் காலை நேரத்தைக் கருவியாக்கி, நட்ட விலைக்குக் கேட்டு வற்புறுத்துவது மற்றொன்று. எல்லாவற்றிலும் கொடியது, பொருளை விட்டுவிட்டு ஆளைப் பேசுவது: “நீங்களெல்லாம் ஏமாற்றுக்காரர்கள்தாமே!” என்று ஓர் உழைப்பாளியின் முகத்துக்கு நேரே வீசும் சொல். பேரம் படிந்தபின் விலை மறந்துபோகும், அச்சொல் மறக்காது. விலையைக் குறைத்துக் கேட்கலாம். பொருளையும் மனிதரையும் குறைக்கக் கூடாது.

நம் முன்னோர்களோ எதிர்த்திசையில் பேரம் பேசியிருக்கிறார்கள்! ஹஜ்ரத் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் பணியாளர் முந்நூறு திர்ஹத்திற்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ள உரியவரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது முந்நூறுக்கு மேல் பெறுமே, நானூறுக்குத் தருவீரா என்றார்கள். பிறகு ஐந்நூறு என்றார்கள். இவ்வாறு நூறு நூறாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவேன் என்று அல்லாஹ்வின் தூதரிடம் பைஅத் செய்துள்ளேன் என்பதே அவர்கள் கூறிய காரணம். கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் ஒரு பெண் பட்டாடையொன்றைக் கொணர்ந்து நூறு திர்ஹம் கேட்க, இதன் மதிப்பு அதனினும் மிகுதி என்று சொல்லிச் சொல்லியே ஐந்நூறு கொடுத்து வாங்கிய வரலாறும் பிரசித்தம். அறியாதவரின் அறியாமையை இலாபமாக்க அவர்கள் நாவு எழவில்லை.

நடுவில் புகுவோரின் நாவு

பேரத்தில் மூன்றாவது நாவும் ஒன்றுண்டு. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டு, உண்மையாக வாங்க வந்தவரை மேலும் கொடுக்கத் தூண்டுவதை ‘நஜ்ஷ்’ என்று சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவர் பேசி விலை படியும் தறுவாயில் மற்றொருவர் இடையில் புகுந்து பேசுவதையும் தடுத்தார்கள். விலை படியுமுன் வெளிப்படையாகப் பலரும் போட்டியிட்டுக் கேட்கும் ஏலம் இதில் சேராது. அதனை அறிஞர்கள் ஆகுமென்றே கூறியுள்ளனர்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது குர்பானிப் பிராணி வாங்கச் சந்தைக்குச் செல்வோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மறைத்து, அதனுள் கையை விட்டு, விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வாய் பேசாது, விரல்தான் பேசும். தொழிலோர் தமக்குள் வழங்கும் மறைசொற்களைக் ‘குழூஉக்குறி’ என்று தமிழ் இலக்கணமும் வகைப்படுத்தியிருக்கிறது. பிறர் அறியாமல் விலை பேசுவது மட்டும் குற்றமாகாது. ஆனால் விற்பவரின் கையில் ஓர் எண்ணையும் வாங்குபவரின் கையில் வேறோர் எண்ணையும் சொல்லி, இரண்டுக்கும் இடைப்பட்டதைத் தரகர் தம் மடியில் கட்டிக்கொண்டால், அந்தத் துண்டு மறைப்பது விலையையன்று, மோசடியை. தரகுக் கூலியை வெளிப்படையாகப் பேசிப் பெற்றுக்கொள்வதே நேர்மை. இறைவனுக்காக அறுக்கும் பிராணியின் விலையிலேயே பொய் கலந்தால் அந்த வணக்கத்தின் அழகு என்னாவது?

பேசத் தெரியாதவரின் பாதுகாப்பு

பேரத்தில் வாய் வல்லவரே வெல்வர். அப்படியானால் பேசத் தெரியாதவரின் கதி என்ன? வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. அவர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அறிவிப்புகள் சில குறிப்பிடுகின்றன. தலையில் பட்ட காயத்தால் அவருடைய பேச்சும் தெளிவிழந்திருந்தது. வாங்கும்போது, ஏமாற்று இருக்கக் கூடாது என்னும் பொருளுள்ள இரண்டே சொற்களைச் சொல்லிவிடுமாறு அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் கருணை நபி. நாவு தெளிவற்ற அவர் அச்சொல்லைக்கூடத் திருத்தமாக உச்சரிக்க இயலாமல் சொல்வாராம். ஆயினும் அந்தக் குழறிய சொல் அவருக்குக் கேடயமாயிற்று.

இன்று நம் கடைகளுக்கு வரும் அத்தகையோர் யார்? தமிழ் தெரியாமல் விரலால் சுட்டிக்காட்டிப் பொருள் வாங்கும் வடமாநிலத் தொழிலாளி. கண் மங்கிய பாட்டி. தாய் எழுதிக் கொடுத்த சீட்டுடன் வரும் சிறுவன். பேரம் பேச இயலாத இவர்களிடம் சொல்லும் விலையில்தான் ஒரு வணிகரின் தக்வா வெளிப்படும். நம் மார்க்கத்தை விளங்கியவரைத் தவிர வேறெவரும் நமது சந்தையில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் சொன்னது இதற்காகத்தான் போலும்.

யாரிடம் பேரம் பேசுகிறோம்?

இன்னொரு கேள்வியையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். குளிரூட்டப்பட்ட பெரிய கடைகளில் அச்சிட்ட விலையை மறுசொல் இன்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பேரமெல்லாம் எங்கே நடக்கிறது? நடைபாதையில் கீரைக்கட்டை வைத்திருப்பவரிடம், தள்ளுவண்டிக்காரரிடம், மிதிவண்டியில் பாய் விற்பவரிடம். நம் பேச்சு வன்மையெல்லாம் ஏழையின் முன்னால்தான் வெளிப்படுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இவ்விஷயத்தில் அழகியதோர் அளவுகோலைத் தருகிறார்கள். வறியவரிடம் வாங்கும்போது சற்றுக் கூடுதலாகக் கொடுத்து விட்டுக்கொடுப்பது நற்செயல். இலாபம் தேடும் செல்வந்த வணிகரிடம் வீணாக ஏமாந்து கொடுப்பதில் புகழும் இல்லை, நன்மையும் இல்லை. நாமோ இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

கொசுறு கேட்பதும் நம் வழக்கம். அவர் மனமுவந்து போடும் கறிவேப்பிலை அன்பளிப்பு. முறைத்துப் பிடுங்கும் கறிவேப்பிலை அவ்வாறன்று. ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்கள் ஹஜர் என்னும் ஊரிலிருந்து துணி கொண்டுவந்து மக்காவில் விற்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் காற்சட்டையொன்றை விலை பேசி வாங்கினார்கள். அக்காலத்தில் வெள்ளியை நிறுத்தே விலையாகக் கொடுப்பர். அங்கே கூலிக்கு நிறுப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம், நிறுத்துக் கொடும், தட்டுச் சற்றே தாழ நிறுத்துக் கொடும் என்று பெருமானார் பணித்தார்கள். கவனியுங்கள்: இங்கே கொசுறு கொடுத்தவர் வாங்கியவர்!

விற்கும்போதும் வாங்கும்போதும் தனக்குரியதைக் கேட்கும்போதும் பெருந்தன்மையுடன் நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருள் உண்டாகட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வேண்டியதை ஜாபிர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். தம் ஒட்டகத்தின் விலையில் அந்தப் பெருந்தன்மையைக் கண்ணாரக் கண்டவரல்லவா அவர்! அந்த துஆவில் நமக்கும் பங்கு வேண்டுமானால் இன்றே சில பழக்கங்களை மேற்கொள்வோம். கொடுக்கக் கருதிய விலையைச் சொல்வோம். படியாவிட்டால் ஸலாமோ நன்றியோ கூறி நகர்வோம். உள்ள குறையைச் சுட்டுவோம். இல்லாத குறையைக் கற்பிக்க வேண்டாம். கடையுடையோர் அடக்க விலையைப் பொய்யாகச் சொல்வதையும் ஆணையிடுவதையும் இன்றோடு விடுவோம். வாங்கியவர் வருந்தித் திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் ஏற்போம். அவ்வாறு ஏற்பவரின் சறுகலை அல்லாஹ் மன்னிப்பான் என்பது நபிமொழி.

இத்தனைக்குப் பிறகும் நாவு எங்கேனும் தவறலாம். மதீனாவின் வணிகர்கள் அக்காலத்தில் தரகர்கள் எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டு வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை அதனினும் சிறந்த பெயரால், வணிகர்களே என்று விளித்து, வாணிபத்தில் வீண்பேச்சும் சத்தியமும் வந்து கலந்துவிடுகின்றன, ஆகவே அதனுடன் தர்மத்தைக் கலந்துகொள்ளுங்கள் என்று அறிவுறுத்தியதாகக் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவிக்கிறார்கள். மக்களைத் திருத்துமுன் அவர்களை அழைக்கும் சொல்லையே அழகாக்கிய நபி அவர்கள்! பேரத்தில் மிச்சமான பத்து ரூபாயைத் தர்ம உண்டியலில் இடுவது, அன்று நாவு செய்த பிழைக்குச் சிறு பரிகாரமாக அமையக்கூடும்.

வல்ல நாயன் அல்லாஹ், நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், நம் நாவில் மென்மையையும், நம் உணவில் பரக்கத்தையும் அருள்வானாக! நம்மிடம் விற்றவரும் நம்மிடம் வாங்கியவரும் மறுமையில் நமக்கெதிராக வழக்குரைக்காத நற்பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்.